ஒட்டாத வரி

"பணம் கேட்கவே இல்லையா?" என்று மறுபடியும் கேட்டேன்.

"இல்லை. ஒரு வரையறையில அரை வாக்கியத்தை எடுக்கச் சொல்றாங்க. அவ்வளவுதான்," என்றாள் தீப்தி.

துப்பறியும் ஏலியாம்மா தரியனிடம் உதவியாளனாகச் சேர்ந்த பிறகு கடத்தல் கேஸ் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். ஒருத்தன் நகை கேட்டான், ஒருத்தன் நிலம் கேட்டான், ஆலுவாயில் ஒருத்தன் கல்யாணத்துக்குப் பெண் கேட்டான். வாக்கியம் கேட்டவனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கச்சேரிப்படியில் லாட்டரிக் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். வெளியே ஜூன் மாதத்து மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. தீப்தி வக்கீல். காக்கநாட்டு மென்பொருள் கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதுவது அவள் தொழில். நனைந்த சுடிதாரோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மடியில் ஒரு சின்னப் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அதற்குள் பனிக்கட்டி சுற்றிய இன்சுலின். அவள் புருஷன் ரகூத்தமனுடையது. முந்தின நாள் சாயங்காலம் ஸ்கூட்டரில் வெளியே போன மனுஷன் திரும்பவில்லை. காலையில் அவருடைய ஃபோனிலிருந்தே செய்தி வந்திருந்தது.

அதை நான் அச்செடுத்து மேஜையில் வைத்தேன். மேலே இரண்டே வரி மிரட்டல். 'இன்றைக்கு ஒப்பந்தத்தில் இந்த மாற்றத்தைச் செய். கையெழுத்தானதும் உன் புருஷன் வீட்டுக்கு வருவான். போலீசுக்குப் போனால் வரமாட்டான்.' அதற்குக் கீழே ஒப்பந்தத்தின் வரையறைப் பகுதியிலிருந்து ஒரு துண்டு. 'மூலநிரல்', 'விநியோகம்', 'களஞ்சியம்' என்று தூக்கம் வரவழைக்கும் சமாச்சாரங்கள். நடுவில் மட்டும் இரண்டு வரிகளுக்கு முன்னால் குறி போட்டிருந்தது.

− 'திறந்த மூல மென்பொருள்' என்பது அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள உரிமத்தின் கீழ் வழங்கப்படும் மென்பொருள். மேலும், உரிமத்தின் பெயர் எதுவாயினும், பிறருக்குக் கொடுக்கும்போது மூலநிரலையும் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கும் எந்த மென்பொருளும்.

+ 'திறந்த மூல மென்பொருள்' என்பது அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள உரிமத்தின் கீழ் வழங்கப்படும் மென்பொருள்.

"இதுக்கா ஒரு ஆளைத் தூக்குவாங்க? தமாஷா இருக்கே," என்றேன்.

"உனக்கு மண்டையில ஏறாது," என்றாள் ஏலியாம்மா. ஒரு காலத்தில் ஹைகோர்ட்டில் வாதாடியவள். ஜட்ஜ் ஒருத்தரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுக் கோட்டைக் கழற்றி எறிந்தவள். "சைவ ஹோட்டல்காரன் வாசல்ல 'இங்கே மீன் கிடையாது'ன்னு போர்டு வைக்கிறான். பக்கத்துலேயே 'மீன் என்றால் மத்தி, அயலை, நெய்மீன்'னு பொடி எழுத்துல எழுதிடறான். உள்ளே கரிமீன் பொரிக்கிறான். அவன் சொன்னது பொய்யா?"

"பொய் இல்லை. ஆனா அயோக்கியத்தனம்."

"அதேதான். கரிமீனையும் சேர்த்துப் பிடிக்கத்தான் 'பெயர் எதுவாயினும்'னு இவ வால் வச்சிருக்கா. அந்த வாலை வெட்டச் சொல்றான்."

தீப்தி தலையாட்டினாள். போத்தன் ஸ்கரியா என்பவரின் கம்பெனி டயாலிசிஸ் இயந்திரத்தை ஓட்டும் மென்பொருள் செய்கிறது. அதை ஜெர்மன்காரர்களுக்கு விற்கிறார்கள்; வாங்குகிறவர்கள் தரப்பில் ஒப்பந்தம் எழுதியது தீப்தி. சாயங்காலம் வெல்லிங்டன் தீவில் ஒரு ஹோட்டலில் கையெழுத்து. 'இதில் திறந்த மூல மென்பொருள் எதுவும் இல்லை' என்று போத்தன் உறுதி கொடுக்க வேண்டும். பொய்யென்று தெரிந்தால் ஜெர்மன்காரர்கள் விற்பனையை உதறிவிட்டுக் கேசும் போடுவார்கள்.

"அந்த வாலே அவர் சொல்லித்தான் வச்சேன், அவரும் அதை வால்னுதான் சொல்வார்," என்றாள் தீப்தி. குரல் உடைந்தது. "ராத்திரி சாப்பிடும்போது என் ஒப்பந்தத்தையெல்லாம் அவர் படிச்சுப் பார்ப்பார். அவரும் கூட்டாளிங்களும் மருத்துவக் கருவிக்கு நிரல் எழுதி எல்லாருக்கும் சும்மா கொடுக்கறாங்க. அதுக்கு அவங்களே எழுதின உரிமம் ஒண்ணு இருக்கு. கஞ்சிக் கடையில உக்காந்து எழுதினதால அதுக்குப் பேரே கஞ்சி உரிமம். எடுத்துக்கோ, மாத்திக்கோ, வித்துக்கோ, ஆனா வாங்கறவனுக்கு உள்ளே இருக்கறதைக் காட்டிடு. அவ்வளவுதான் நிபந்தனை. அது எந்தப் பட்டியல்லேயும் கிடையாது. எங்களைப் போல ஆளுங்களை விட்டுடாதேன்னு சொன்னார்."

முகம் கழுவ அவள் உள்ளே போனதும் ஏலியாம்மா என் பக்கம் குனிந்தாள்.

"ரகூத்தமனோட நிரல் அந்த இயந்திரத்துக்குள்ள இருக்கு. திருடினது. அது அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. அதனாலதான் தூக்கியிருக்காங்க."

"சரி, கையெழுத்தானா விட்டுடுவாங்கல்ல?"

"விட்டா அவன் நேரா ஜெர்மன்காரன்கிட்ட போய்ச் சொல்ல மாட்டானா? யோசிடா. அந்த வால் வெட்டறது காகிதத்துக்கு. அவன் வாயை மூட வேற வழி வச்சிருப்பாங்க."

தண்ணீர்க் குழாய் சத்தம் நின்றது. தீப்தி வெளியே வந்து, "சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சுடலாமா சேச்சி?" என்று கேட்டாள். ஏலியாம்மா, "கண்டுபிடிச்சுடலாம்," என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. உள்ளே வந்தது போத்தன் ஸ்கரியாவே. வெள்ளைச் சட்டை, நீல டை, நனையாத தலை. நடந்ததையும் இங்கே வருவதையும் சொல்லி, கையெழுத்தைத் தள்ளிப் போட முடியுமா என்று தீப்தி காலையில் அவருக்கு ஃபோன் செய்திருந்தாளாம்.

"மோளே, கையெழுத்து கிடக்கட்டும், ஆள்தான் முக்கியம்," என்றார். "வேணும்னா இப்பவே நிறுத்திடறேன்."

"வேணாம் சார்!" என்று அலறினாள் தீப்தி. "நிறுத்தினா அவரை ஏதாவது பண்ணிடுவாங்க."

"அப்போ அந்த அரை வாக்கியத்தை எடுத்துடு. என் சாமான்ல அப்படி எதுவும் இல்லை, எனக்கு அது இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான்." ஏலியாம்மாவைப் பார்த்தார். "நான் டை கட்டிட்டு விக்கிறவன் மேடம். நிரல் எழுதறவன் வேற."

ஏலியாம்மா அந்தக் காகிதத்தைத் தட்டினாள். "வக்கீல் திருத்தினா அடிச்சுட்டு மேலே எழுதுவான். இவன் கழித்தல், கூட்டல் போட்டிருக்கான். இது நிரல் எழுதறவன் பழக்கம். உங்க கம்பெனியில நிரல் யார் எழுதினது?"

"லெனின் பாபு. போன வாரம் சொல்லாம கொள்ளாம வேலையை விட்டுட்டான்." போத்தன் நெற்றியைத் தேய்த்தார். "அவன் ஏதாவது சொருகி வச்சிருந்தா அவன் தலைதானே போகும். ஐயோ, எனக்குத் தோணவே இல்லையே. வாங்க, என் கார்லேயே போகலாம்."

பணக்காரக் கார், பஞ்சு மெத்தை சீட். எனக்கு அந்த ஆளைப் பிடித்துப் போயிற்று.

*

லெனின் பாபு காக்கநாட்டில் ஒரு பழைய குடியிருப்பின் நான்காவது மாடியில் இருந்தான். லிஃப்ட் வேலை செய்யவில்லை. போத்தன் காரிலேயே இருந்துகொள்ள, நாங்கள் மூன்று பேரும் ஏறினோம். ஏலியாம்மா முழங்காலைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

கதவு சங்கிலியோடு கொஞ்சம் திறந்தது. இடுக்கில் ஒரு கண்ணும், ஒரு இரும்புக் கம்பியின் முனையும் தெரிந்தன.

"யாரு?"

"கம்பியை இறக்கு தம்பி, நாங்க பாவப்பட்டவங்க," என்றேன். "எனக்குக் காயம்னா ஆகாது."

"போயிடுங்க. நான் யார்கிட்டேயும் எதுவும் சொல்லலை."

தீப்தி முன்னால் வந்தாள். "லெனின், நான் ரகுவோட மனைவி. அவரைத் தூக்கிட்டாங்க."

அந்தக் கண் அப்படியே நிலைகுத்தி நின்றது. ஏலியாம்மா காகிதத்தை இடுக்கில் நீட்டினாள். "இதைப் பாரு. நீ எழுதினதா?"

உள்ளே விளக்கு எரிந்தது.

"நான் எழுதலை," என்றான். "எழுதியிருந்தா ஒழுங்கா எழுதியிருப்பேன். இது ஒட்டாது."

"ஒட்டாதுன்னா?"

"நாங்க ஒரு மாற்றம் அனுப்பும்போது முழுசையும் அனுப்ப மாட்டோம். எடுக்கற வரிக்குக் கழித்தல், சேர்க்கறதுக்குக் கூட்டல். இடம் தெரியறதுக்காக மேலே மூணு வரி, கீழே மூணு வரி குறியில்லாம வைப்போம். அது மாறாத வரி. அசல்ல இருக்கறபடியே இருக்கணும். ஒண்ணு பிசகினாலும் கணினி 'ஒட்டாது போ'ன்னு திருப்பி அனுப்பிடும். இங்கே மேலே மூணு இருக்கு. கீழே நாலு இருக்கு. கத்துக்குட்டி கூட இப்படிப் பண்ண மாட்டான்."

கீழே கார் ஹார்ன் அடித்தது.

"அது யாரு?" என்றான் லெனின்.

"போத்தன் சார். அவர் கார்லதான் வந்தோம்," என்றேன்.

காகிதம் என் காலடியில் வந்து விழுந்தது. கதவு படாரென்று மூடி, தாழ்ப்பாள் மேல் தாழ்ப்பாளாக விழுந்தது.

"பாத்தீங்களா சேச்சி!" என்றேன். "முதலாளி பேரைக் கேட்டதும் பூட்டிக்கிட்டான். திருடன் இவன்தான். நம்ம போலீஸ் மர்க்கோஸைக் கூப்பிடுங்க, உதைச்சா கக்கிடுவான்."

ஏலியாம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். படி இறங்கும்போது தீப்தியின் தோளைத் தொட்டு, "ரகு வீட்டுல மளிகைச் சீட்டை எப்படித் திருத்துவார்?" என்று கேட்டாள்.

"அவரா? அதுலேயும் கழித்தல், கூட்டல்தான். பால் வேணாம், மோர் வாங்குன்னு..." தீப்தி பாதியில் நின்றுவிட்டாள். "அப்போ இதை எழுதினது அவரா? அவரே எதுக்கு சேச்சி?"

"எழுத வச்சிருக்காங்க. வாலை எங்கே வெட்டணும்னு தெரியாத யாரோ ஒருத்தன் எழுத வச்சிருக்கான். கீழே போனதும் ஒப்பந்தத்தை என்கிட்ட கொடு. வேற எதுவும் பேசாதே."

*

பின்சீட்டில் ஏலியாம்மாவும் தீப்தியும். முன்னால் போத்தன் பக்கத்தில் நான். வைட்டிலா தாண்டும் வரை வண்டி நத்தையாக ஊர்ந்தது. பின்னால் காகிதம் புரளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"என்ன மேடம் தேடறீங்க?" கண்ணாடியில் போத்தனின் கண்கள் தெரிந்தன.

"ஒண்ணுமில்லை சார், பழைய பழக்கம். வரையறை படிச்சா எனக்கு நல்லா தூக்கம் வரும்."

"நான் ஒரு நாளும் படிச்சதில்லை. எங்கே கையெழுத்துன்னு மட்டும்தான் கேப்பேன்," என்று சிரித்தார். "லெனின் என்ன சொன்னான்?"

வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து ஏலியாம்மாவின் கால் என் சீட்டை ஓங்கி உதைத்தது.

"கம்பியைக் காட்டி விரட்டிட்டான் சார்," என்றாள் அவள். "அவன்தான்னு இந்த உன்மேஷ் சத்தியம் பண்றான்."

"எனக்கும் அப்படித்தான் படுது."

காகிதம் புரள்வது நின்றது. திரும்பிப் பார்த்தேன். ஏலியாம்மா ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தில் விரல் வைத்திருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. ஜட்ஜையே முறைத்தவள், அவள் பயந்து நான் பார்த்ததில்லை.

"சார், குண்டன்னூர்ல ஒரு சாயாக் கடையில நிறுத்துங்க," என்றாள். குரல் மட்டும் மாறவில்லை. "சர்க்கரை போட்டு ஏதாவது குடிக்காட்டி இந்தப் பொண்ணு மயங்கி விழுந்துடுவா. உன்மேஷு, இந்தக் கட்டு நனையாம உன் மழைக்கோட்டுக்குள்ள வை. மூணு கட்டன் சாயா சொல்லு, பால் இல்லாம."

இறங்கி இரண்டடி வைப்பதற்குள் மறுபடியும் கூப்பிட்டாள். கண்ணாடியை இறக்கி ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். அதை எட்டி வாங்கியது போத்தன்.

"கட்டன் வேணாம், பால் சாயாவாம்," என்று படித்துவிட்டுச் சிரித்தார் போத்தன். "உங்க மேடமும் கழித்தல் கூட்டல் போட ஆரம்பிச்சுட்டாங்க. இந்தாங்க."

கடைக்குள் போய்க் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று சீட்டைப் பார்த்தேன்.

− கட்டன் மூணு
+ பால் சாயா மூணு
பலகாரம்: அட்டவணை 2, கடைசி வரி. நீ அங்கேயே சாப்பிடு.

கடைசி வரிக்குக் குறி இல்லை.

மழைக்கோட்டுக்குள்ளிருந்து கட்டை உருவினேன். மேலே அந்த மிரட்டல் காகிதம். கீழே இருந்த நான்கு வரிகளில் ஒன்றின் அடியில் ஏலியாம்மா நகத்தால் அழுத்திக் கோடு போட்டிருந்தாள். 'களஞ்சியம்' என்பது, ஒப்படைக்கப்படும் வரை மூலம் வைக்கப்பட்டிருக்கும், அட்டவணை இரண்டின் கடைசி வரியில் கண்ட இடம். ஒப்பந்தத்தில் வரையறைப் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே மற்ற ஆறு வரிகளும் அட்சரம் பிசகாமல் இருந்தன. 'களஞ்சியம்' என்று ஒன்று இல்லவே இல்லை.

அட்டவணை இரண்டு கடைசிப் பக்கத்தில் இருந்தது. 'இவ்விற்பனையில் சேராத, போத்தன் ஸ்கரியாவின் சொந்தச் சொத்துகள்.' கடைசி வரி: தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தின் பின்புறம் உள்ள பழைய ஐஸ் பிளாண்ட்.

ரகூத்தமன் தப்பாக எழுதவில்லை. வேண்டுமென்றே ஒட்டாத வரி எழுதி, தான் இருக்கும் இடத்தைச் சொல்லியிருக்கிறார். கழுத்தில் கத்தி வைத்து எழுத வைத்தவன் கழித்தலையும் கூட்டலையும் மட்டும் சரிபார்ப்பான், குறியில்லாத வரையறையை எவனும் படிக்க மாட்டான் என்று கணக்குப் போட்டிருக்கிறார். எழுத வைத்தவன் வெளியே டை கட்டிக்கொண்டு, என் ஏலியாம்மாவையும் தீப்தியையும் பின்சீட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். லெனின் கதவைப் பூட்டியது இவனுக்குப் பயந்துதான்; திருட்டை ரகூத்தமனிடம் சொன்னதும் அவனாகத்தான் இருக்கும். அவன் காரை எனக்குப் பிடித்திருந்தது வேறு!

எப்படியோ மூன்று டம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்துக் காருக்கு அனுப்பினேன். பின்கதவு வழியாக வெளியே வந்து சுவரோடு ஒட்டி நின்றேன்.

"உங்க ஆள் எங்கே?" என்று போத்தன் கேட்பது கேட்டது.

"பழம்பொரியைப் பாத்திருப்பான். இனி இழுத்தாலும் வரமாட்டான், தீனிப்பண்டாரம்," என்றாள் ஏலியாம்மா. "நாம போகலாம் சார், நேரமாகுது. அவன் ஆட்டோ பிடிச்சு வந்துடுவான்."

கார் கிளம்பியது. மழைக்குள் அதன் சிவப்பு விளக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். தீப்திக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் அவள் முகமே காட்டிக் கொடுத்துவிடும் என்றுதான் ஏலியாம்மா சொல்லவில்லை. அந்தப் பயத்தை ஒருத்தி மட்டும் தனியாகச் சுமந்துகொண்டு போனாள்.

*

துறைமுகம் ஸ்டேஷன் சப்-இன்ஸ்பெக்டர் மர்க்கோஸுக்கு ஆட்டோவிலிருந்தே ஃபோன் செய்தேன். ஏலியாம்மாவின் பழைய சிநேகிதர். "சத்தம் போடாம வர்றேன். ஹோட்டலுக்கும் ரெண்டு பேரை அனுப்பறேன். நீ உள்ளே போகாதே," என்றார்.

"என்னைக் கட்டி இழுத்தாலும் போக மாட்டேன் சார்," என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

ஐஸ் பிளாண்ட் மூடி வருஷக்கணக்கானாலும் அம்மோனியா வாடை போகவில்லை. துருப்பிடித்த கதவுக்கு அந்தப் பக்கம், கைலியை மடித்துக் கட்டிய ஒரு தடியன் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். நான் மீன் கூடைகளுக்குப் பின்னால் குந்தியிருந்தேன்.

"சரி முதலாளி... ஹோட்டலுக்கு வந்துட்டீங்களா... கையெழுத்தானதும் ஒரு மிஸ்டு கால் போதும்... இல்லை, சத்தம் வராது, கீழே பழைய தொட்டி இருக்கே."

ஜீப் வரும் வழியைப் பார்த்தேன். மழைதான் வந்துகொண்டிருந்தது. ஹோட்டலில் பேனாவின் மூடியைத் திறந்திருப்பார்கள்.

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே அசட்டுத் தைரியம் அதுதான். எழுந்து, மழைக்கோட்டை உதறிக்கொண்டு, கதவைத் தள்ளி உள்ளே போனேன்.

"யாருடா நீ?"

"மெதுவாப் பேசுப்பா," என்றேன். கட்டிலிருந்து போத்தனின் பெயர் இருந்த பக்கத்தை எடுத்து ஆட்டினேன். "முதலாளி அனுப்பினார். கையெழுத்தாயிடுச்சு. உன்னை உடனே ஹோட்டலுக்குப் பின்வாசலுக்கு வரச் சொன்னார். இங்கே நான் பாத்துக்கறேன்."

"இப்பத்தானே பேசினேன்?"

"ஒரு கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? வெள்ளைக்காரங்க பக்கத்துல உக்காந்திருக்காங்க, திரும்பக் கூப்பிட்டுத் தொலைக்காதே. உன் பங்கு வேணுமா வேணாமா?"

பங்கு என்றதும் முகம் மாறியது. ஆனாலும் நகரவில்லை. "அப்போ ஆள்? முடிச்சுட்டுத்தானே வரச் சொன்னார்?"

"நானே முடிச்சுக்கறேன்," என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். சுவரில் சாத்தியிருந்த, ஐஸ் பாளம் இழுக்கும் இரும்புக் கொக்கியை எடுத்து என் கையில் திணித்தான். "மாடியில. கையைக் கட்டித்தான் போட்டிருக்கு," என்று சொல்லிவிட்டு, கைலியை இன்னும் தூக்கிக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கினான். மர்க்கோஸின் ஜீப் முனையிலேயே அவனைப் பிடித்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

மாடியில் பாதி வெளிச்சம். தூணோடு சேர்த்துக் கட்டியிருந்த மனிதரின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண்ணாடி ஒரு பக்கம் நொறுங்கியிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த கொக்கியைப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ரகு சேட்டா," என்றேன். "தீப்தி சேச்சி அனுப்பினாங்க."

கண் மெல்லத் திறந்தது. தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"ஒட்டலையா?" என்று கேட்டார்.

"ஒட்டலை சேட்டா. அதனாலதான் வந்தோம்."

அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் சேர்ந்து அழுதேன், சொல்வதில் எனக்கென்ன வெட்கம். கொக்கியின் நுனியாலேயே கயிற்றை அறுத்துவிட்டு ஏலியாம்மாவைக் கூப்பிட்டேன்.

"ம்," என்றாள். பின்னணியில் ஆங்கிலமும், கோப்பைகள் உரசும் சத்தமும்.

"ஆள் கிடைச்சுட்டார். உயிரோட."

ஒரு பெருமூச்சு. பிறகு, "தீப்தி, உனக்குத்தான். யாரையும் பாக்காதே, காதுல வச்சுக் கேளு."

நான் ஃபோனை ரகூத்தமனின் வாயருகே பிடித்தேன். "தீப்தி," என்றார். "அந்த வாலை எடுக்காதே."

கொஞ்சம் தள்ளி, மேஜையைச் சுற்றி இருந்த எல்லோரும் கேட்கும்படி, தீப்தியின் குரல் எழுந்தது. அதில் நடுக்கம் துளிகூட இல்லை.

"மன்னிக்கணும், ஒரு பக்கம் மாத்தணும். திறந்த மூல மென்பொருள்னா என்னன்னு நான் முதல்ல எழுதினதேதான் இருக்கும். உரிமத்தின் பெயர் எதுவாயினும். அந்த உரிமத்தை எழுதினவர் இப்போ லைன்ல இருக்கார். போத்தன் சார், இந்த ஒரு தடவையாவது படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

நாற்காலி ஒன்று தடாலென்று விழுந்தது. "உக்காருங்க சார்," என்ற ஏலியாம்மாவின் குரல் கேட்டது. "வாசல்ல போலீஸ் நிக்குது. வெளியே மழை வேற."

பிறகு ஃபோனுக்கு மிக அருகில் தீப்தி வந்தாள். இப்போதுதான் அழுதாள்.

"ஊசி என்கிட்ட இருக்கு. எங்கே கொண்டு வரணும்? பனிக்கட்டி கரைஞ்சுக்கிட்டே இருக்கு, எங்கேன்னு சொல்லுங்க."

இடத்தை நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு ஃபோனைப் பையில் போடப் பார்த்தபோதுதான், அந்த இரும்புக் கொக்கி இன்னும் என் வலது கையில் இருப்பதைக் கவனித்தேன். விட நினைத்தேன், விரல்கள் பிரியவில்லை. நான் கயிறு அறுத்துவிட்ட அந்த மனிதர்தான், என் விரலை ஒவ்வொன்றாக மெதுவாகப் பிரித்து அதை வாங்கிக் கீழே வைத்தார்.